உன் அம்மாவைக் கல்லாவில் உட்கார வை

தம்பி,

உன் கதையில் உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்தவள் இல்லை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில், நம் இரும்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள். முதலில் நீ எழுதியபோது அவள் கல்லாவில்தான் இருந்தாள். அவளை அங்கிருந்து எழுப்பி உள்ளே அனுப்பியது நீ. அனுப்பக் காரணமாக இருந்தவர் வெள்ளிமலையில் இருக்கும் உன் எழுத்து வழிகாட்டி. நடந்த தவறு இதுதான். இனி நான் எழுதுவதெல்லாம் இதன் விவரம்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். உன் அத்தியாயம் ஊரறிய வந்தது. அது வந்த அதே பத்திரிகைக்குத்தான் இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் நேர்மை. முதலில் உன்னிடம் தனியாகத்தான் பேசிப் பார்த்தேன். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள், "அத்தா, இது கதை. ஒங்களுக்கு இது புரியாது, வுடுங்க" என்று வைத்துவிட்டாய். அடுத்த மாதம் முழுப் புத்தகமும் அச்சுக்குப் போகிறது என்பதைக்கூட உன் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புத்தகம் கடைத்தெருப் பேச்சு மாதிரி காற்றோடு போகாது. நான் போன பிறகு, உன் அம்மாவைப் பார்த்த ஆட்களும் போன பிறகு, அவள் எப்படி இருந்தாள் என்று யாராவது கேட்டால் அந்தப் புத்தகம்தான் பதில் சொல்லும். அது பொய்யான பதிலைச் சொல்லக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதில் ஒரு பிடி குறைந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெயரை மாற்றிவிட்டேனே என்கிறாய். ஜைத்தூன் என்ற பெயரைத்தான் மாற்றினாய். இடது புருவத்தை இரண்டாகப் பிரித்த அவளுடைய தழும்பை மாற்றவில்லை. எதிரே இருக்கும் சைக்கிள் கடையை மாற்றவில்லை. நம் கடை வாசலில் கொத்தாகத் தொங்கும் மாட்டு மணிகளை மாற்றவில்லை. பிறகு எந்தப் பெயரை வைத்தால் என்ன? பத்திரிகை வந்த வாரம் டீ குடிக்கப் போனேன். சைக்கிள் கடைக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா பாய், அந்தம்மாவ அடுப்படிய வுட்டு வெளியவே வுடலயாமே நீங்க? அப்ப எங்ககிட்ட அதட்டி அதட்டி பாக்கி வசூல் பண்ணது யாரு, ஜின்னு பூதமா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் அவளை அறிந்தவர், அதனால் கேலி செய்தார். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்க்காதவர்கள். அவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் மகள் லீவுக்கு வந்தபோது கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. "தாத்தா, ஆயா நம்ம கடைக்கே வந்தது இல்லியா? அத்தா அப்பிடித்தான எழுதிகீறாங்க?" அவள் பிறக்கும் முன்பே உன் அம்மா போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஆயா என்றால் நீ எழுதி வைத்ததுதான்.

நடந்தது உனக்குத் தெரியும். படிப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நான் சரக்கு எடுக்க வெளியூர் போகும் நாட்களில் கடை சாத்தியிருக்கும். ஒரு கரும்பு வெட்டு சமயத்தில், சாத்திய கடை முன்னால் ஆட்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைக் கண்டு, உன் அம்மா பின்கட்டு வீட்டிலிருந்து வந்து, கதவுப் பலகைகளை எடுத்து வைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் வண்டியோடு வந்து இறங்கினால் என் இடத்தில் அவள். "எழுந்திரு" என்றேன். "மொதல்ல சரக்க எறக்குங்க, ஆளுங்க காத்துகினு கீறாங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. ஜமாத்தில் முணுமுணுத்தார்கள். என் அண்ணனே கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவில்லை. நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. எனக்கே முதலில் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவளிடம் வாங்கிப் போன ஆள் மறுபடியும் அவளிடம்தான் வந்தான்.

அப்படி ஒருநாள் மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மீசைக்காரர். நான் உள்ளே சங்கிலி எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலையை மட்டும் கடைக்குள் நீட்டி, "ஆம்பள யாரும் இல்லியா கடையில?" என்றார். உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆம்பள வேணும்னா வேற கடையப் பாருங்க. மம்ட்டி வேணும்னா இங்க நில்லுங்க" என்றாள். அவர் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மண்வெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கரும்புக் காட்டுக்குத் தாங்குமாம்மா?" என்றார். "ஒங்க காடு இன்னா பாறையா? தாங்கும். தாங்கலன்னா கொண்டாந்து இந்த மேச மேல போடுங்க. நானே வந்து வெட்டிக் குடுக்கறேன்." கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். மீசைக்காரர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கள்ளக்குறிச்சிக்கு வரும்போதெல்லாம், கல்லாவில் நான் இருந்தால், "அந்தம்மா இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். டீக்கடையில் காத்திருந்து, அவள் வந்து உட்கார்ந்த பிறகு வருவார்.

இதை நீதான் எழுதினாய். நான் சொல்லிக்கொடுத்து இல்லை. கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே நீயே கேட்டதை, வளர்ந்த பிறகு நீயே எழுதினாய். மலைக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன் எனக்குப் படிக்கக் கொடுத்தாய். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு வாசிப்பு வந்தது ஆணிப் பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய பத்திரிகைத் தாளில். தொடர்கதையில் ஒரு வாரம் கையில் இருக்கும். முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. மதிய வெயிலில் ஆள் வராத நேரத்தில் அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். தாள் முடிந்த இடத்திலிருந்து மீதியை நானே கட்டிச் சொல்வேன். அவள் கல்லாவிலிருந்து கேட்பாள். "ஆவாது. அவ்ளோ ரோஷத்தோட போனவ, அவன் ஒருவாட்டி கூப்ட்டான்னு திரும்பி வந்துடுவாளா? வேற சொல்லுங்க." வேறு சொல்வேன். "இதுவும் ஆவாது. இது நீங்க வந்திருப்பீங்க, அவ வரமாட்டா." சில கதைகளுக்கு முடிவு கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ஒப்புக்கொண்டால் மட்டும், "ம், இது இருக்கட்டும்" என்பாள். நீயும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாய். ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுத் திருத்தும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவா மலை ஏறிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் அவள் இல்லாத இடத்துக்கு ஒரு ஆள் தேடுகிறாய் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் ஒன்று வேண்டாம் என்றால் வாயைத் திறந்து வேண்டாம் என்பாள். ஏன் வேண்டாம் என்றும் சொல்வாள். இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் இதற்கு வருகிறேன்.

உன் வழிகாட்டியைப் பற்றி முதல் நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம். சென்னையில் பதிப்பகங்களில் பிறர் எழுத்தைத் திருத்தியே காலம் தள்ளியவர், மூச்சுக் கோளாறுக்காக மலையில் வாடகை வீடு பிடித்து இருக்கிறார் என்றாய். ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லித்தருவார், கட்டணம் வாங்க மாட்டார் என்றாய். எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னாய். நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சந்தேகப்பட்டேன். சொந்தமாகப் புத்தகம் எழுதாதவர் எதைக் கற்றுக்கொடுப்பார்? பணம் வாங்காதவர் உன்னிடமிருந்து எதை வாங்குகிறார்? நம் வீட்டுக் கதைகளையா? ஒருநாள் அவர் எப்படிச் சொல்லித்தருகிறார் என்று கேட்டேன். நீ சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அவரு எதுவும் சொல்லமாட்டாரு அத்தா. நான் படிப்பேன், அவரு கண்ண மூடிகினு கேப்பாரு. புடிக்கலன்னா எழுந்து வெளிய போயிடுவாரு. அந்த எடத்த நான் வெட்டிடணும். அதான் பாடம்." அப்படி அவர் சொன்னாரா என்று கேட்டேன். "சொல்லணுமா இன்னா? புரிஞ்சிக்கணும்" என்றாய். வாயால் சொல்லாத தீர்ப்பை ஏற்கிற ஆள் எதை வேண்டுமானாலும் ஏற்பான்.

பிறகு அந்த அத்தியாயம் அச்சில் வந்தது. கல்லா இல்லை, மீசைக்காரர் இல்லை, மண்வெட்டி இல்லை. அதற்குப் பதில் புகை மண்டிய சமையலறை. வாசலைத் தாண்டாத ஒரு பெண். வரிக்கு வரி "யா அல்லா" என்கிறாள். தினமும் பிரியாணி ஆக்குகிறாள், அத்தர் வாசனை வீசும் புருஷன் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறான், அவள் அழுகிறாள். தம்பி, நம் வீட்டில் பிரியாணி கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும்தான். மற்ற நாளெல்லாம் புளிக்குழம்பு. என் மேல் வீசியது இரும்புத் துருவும் கிரீஸும். உன் அம்மா கோபம் வந்தால், "அடச்சீ, கம்முனு கெட" என்பாள், அதை உன்னைவிட யார் அதிகம் கேட்டிருப்பார்கள்? இந்த மாதிரி வீட்டைத்தான் பட்டணத்து வாசகர்கள் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று உன் வழிகாட்டிதான் இதைச் செய்ய வைத்தார் என்று நான் முடிவு கட்டினேன். போனில் கேட்டேன், நீ வைத்துவிட்டாய். அதனால் நேரே அவரிடமே போனேன். போனது உனக்கு இந்த நிமிஷம்தான் தெரியும்.

கச்சிராயபாளையத்தில் உன் தெரு வழியாகத்தான் பஸ் போனது. நான் இறங்கவில்லை. மலை ஏறும்போது கண்டக்டரிடம் விசாரித்தேன், கதை எழுதச் சொல்லித்தருகிறவர் ஒருவர் வெள்ளிமலையில் இருக்கிறாராமே என்று. "கதையா? அங்க ஒரு சாரு கோழி வளக்கறாரு. அவரா பாருங்க" என்றார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் கேட்டேன். டீ ஆற்றிய அம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டது. "ஞாயித்துக்கெழம ஆனா கீழ இருந்து ஒரு ஆளு வந்து அழுவறாப்ல இன்னாவோ படிப்பாரே, அந்த சாரா? சாரு கண்ண மூடிகினு கேட்டுகினு இருப்பாரு. நாங்க எதுனா வைத்தியம்னு நெனச்சிகினு கீறோம்." அந்த ஆள் என் மகன்தான் என்று நான் சொல்லவில்லை.

ஓட்டு வீடு. வாசலில் கோழிகள். மெலிந்த மனிதர், என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு. யார் என்று சொன்னதும் எழுந்து கும்பிட்டு, "வாங்க வாங்க, மகன் உங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்கார்" என்றார். என்ன எழுதியிருக்கிறான் என்பது தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்றேன். டீ போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அவர் மேசையை நோட்டம் விட்டேன். உன் தாள்கள் இருந்தன. அவர் கையெழுத்து அதில் எங்கும் இல்லை. அதையும் சந்தேகப்பட்டேன்: தடயம் வைக்காத ஆள். உட்கார்ந்தேன். பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். "நீங்க எழுத வெச்சத நீங்களே கேளுங்க" என்று சொல்லி, உன் அத்தியாயத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். புருஷன் கையைக் கழுவுகிற இடத்துக்கு வந்திருப்பேன். பட்டென்று எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் மகனுக்கு முன்னால் எழுந்து போவது போதாதென்று எனக்கு முன்னாலுமா? நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாய். நான் உட்காரவில்லை. பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பின்கதவு, கோழிக் கூடு, அதைத் தாண்டி இறக்கத்தில் ஒரு தெருக்குழாய். உன் வழிகாட்டி இரண்டு குடத்தோடு வரிசையில் நிற்கிறார். பெண்கள் அவரைச் சுற்றி நின்று திட்டுகிறார்கள்.

"இன்னா சாரே, பூந்து பூந்து முன்னாடி வர்றீங்க? பின்னால போங்க."

"கண்ணு, வூட்ல விருந்தாளி வந்திருக்காங்க, ஒரு கொடம் மட்டும்."

"தெனம் ஒரு விருந்தாளி வெச்சிகினு இருப்பீங்க நீங்க. ஞாயித்துக்கெழம ஒரு ஆளு, இன்னிக்கி ஒரு ஆளு."

மோட்டார் போட்டால்தான் அந்தக் குழாயில் தண்ணீர். மோட்டார் எப்போது ஓடும் என்பது கரண்ட் வருவதைப் பொறுத்தது. தண்ணீர் வருவதற்கு முன் குழாய் ஒரு சீறல் சீறும். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்கிறது. அந்த நேரத்தில் பிடிக்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. நான் அவரிடமிருந்து ஒரு குடத்தை வாங்கினேன். மரியாதைக்காக இல்லை, கையில் எதையாவது பிடித்திருக்க வேண்டும் போல் இருந்தது. "என் பையன் படிக்கிறப்ப எழுந்திருச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டேன். "வேற எதுக்கு சார் எழுந்திருப்பேன்?" என்றார். முழித்தார். நடிப்பா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கால் இரண்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது. நீ எழுந்து போனதாக நினைத்த ஒவ்வொரு முறையும் அவர் இப்படி நனைந்த காலோடுதானே திரும்பி வந்திருப்பார்? அதையாவது பார்த்தாயா?

குடங்களோடு திரும்பி வரும்போது நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்த இடங்களையெல்லாம் நீ வெட்டினாய் என்று சொன்னேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே பின்கதவுப் படியில் உட்கார்ந்துவிட்டார். சொன்னார்: "நான் குறுக்க பேசினா அவர் என் மாதிரி எழுத ஆரம்பிச்சிடுவார். சென்னையில ரெண்டு மூணு பேரை அப்படிக் கெடுத்திருக்கேன். அதனாலதான் வாயைத் திறக்கறதில்லை. அந்த சமையலறை எனக்கும் பிடிக்கலை. ஆனா அவரே கடையை எடுத்துட்டு அதைக் கொண்டுவந்து வெச்சார். ஆசைப்பட்டு மாத்தறார், தடுக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன்." அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆகா, பிடித்துவிட்டது என்று நீ நினைத்திருக்கிறாய். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு அவர் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார். "மம்ட்டி வேணும்னா இங்க நில்லுங்கன்னு அந்தம்மா சொல்ற வரைக்கும் கேட்டேன் சார். அப்பதான் தண்ணி வந்தது. அடுத்த வாரம் படிப்பார்னு பார்த்தேன், படிக்கலை. அதுக்கடுத்த வாரமும் படிக்கலை. அந்த ஆள் நின்னாரா இல்லையா?" நான் சொல்லவில்லை. எழுதினவன் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அவர் நல்லவர் என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்பி வந்தேன் என்று நினைக்காதே. என்னைச் சமாதானப்படுத்தத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாரோ என்று இறங்கும் வழியெல்லாம் யோசித்தேன், இன்னும் யோசிக்கிறேன். திருடவில்லை என்று தெரிகிறது. பட்டணத்துக்காரர்களுக்காக நம் வீட்டில் அத்தர் தெளிக்கச் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஆனால் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து தன் அம்மாவைப் படித்துக் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு வாயையும் மூடிக்கொள்வது குரு லட்சணம் என்றால், அதை நான் மதிக்க மாட்டேன். பேசினால் கெட்டுவிடுவான் என்று பயப்படுகிறவர், பேசாவிட்டால் என்ன ஆகும் என்றும் பயந்திருக்க வேண்டும். தண்ணீர் வந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் உன் அம்மா கல்லாவிலேயே இருந்திருப்பாள்.

உன் தவறு அவருடையதைவிடப் பெரிது. அவர் எழுந்தால் ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். உன் அம்மாவிடம் நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன், ஏன் ஆவாது என்று. சொல்லித்தருகிறவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் வெட்டுவதுதான் கோழைத்தனம். சரி, வெட்டினாய். வெட்டிய இடத்தில் வைத்தாயே, அந்தச் சமையலறையும் அந்த அழுகையும், அது எங்கிருந்து வந்தது? அவர் தரவில்லை. நான் தரவில்லை. நீ படித்த புத்தகங்களில் நம்மைப் போன்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், அங்கிருந்து எடுத்து வந்தாய். கல்லாவில் உட்கார்ந்து விவசாயியை அதட்டுகிற பெண்ணை யாரும் நம்ப மாட்டார்கள் என்று உனக்கு உள்ளூர ஒரு சந்தேகம். நான் எல்லாரையும் சந்தேகப்படுகிற ஆள்தான், என்னைப் பற்றி எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் கண்ணால் பார்த்ததை நான் சந்தேகப்பட்டது இல்லை.

அவள் அழவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவளுடைய தம்பி இறந்த செய்தி வந்தபோது அழுதாள். கல்லாவில்தான் அழுதாள். அவள் ஊருக்குப் போக வண்டி வரும் வரை எழுந்து உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை. எதிரே நின்ற ஒரு மலைக்காரர் வாங்க வந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "பொறவு வரேம்மா" என்றார். "எதுக்கு? அவ்ளோ தூரம் எறங்கி வந்துட்டு" என்று சொல்லி, முகத்தைத் துடைக்காமலே அவரிடம் பணத்தை வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி அவர் கையில் வைத்தாள். அழுதாள் என்று எழுது. எங்கே உட்கார்ந்து அழுதாள் என்பதை மாற்றாதே.

இன்னொன்று. உன் முதல் பிரதியைப் படித்தபோது நான் எழுத்துப்பிழையைத்தான் சொன்னேன் என்று மேலே எழுதினேன். வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக உன் வழிகாட்டியைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அதனால் ஊரறியச் சொல்கிறேன்: அந்தப் பக்கங்கள் நன்றாக இருந்தன. உன் அம்மா கேட்டிருந்தால், இது இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

இனி ஆக வேண்டியது. பத்திரிகைக்காரர்கள் இந்தக் கடிதத்தை வெட்டாமல் போட வேண்டும். வெட்டினால் எங்கே வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று எனக்கு எழுத வேண்டும்.

உன் வழிகாட்டி தண்ணீருக்கு எழுந்தால் தண்ணீருக்கு என்று சொல்லிவிட்டு எழ வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும், பிடித்தால் அதையும். அவர் மாதிரி நீ எழுத ஆரம்பித்தால் திருத்த நான் இருக்கிறேன், அந்தப் பயம் அவருக்கு வேண்டாம்.

நீ அச்சுக்குப் போகும் புத்தகத்தை நிறுத்தி வை. அந்தச் சமையலறையை எடு. உன் அம்மாவைக் கல்லாவில் உட்கார வை, மீசைக்காரரை வாசலில் நிற்க வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய், அந்த இடத்தை முதலிலிருந்து கடைசி வரை அவருக்குப் படித்துக் காட்டு. அந்த ஆள் நின்றாரா இல்லையா என்று பாவம் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் குடத்தை எடுத்தால் நீயும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கூடப் போ. பிறகு உன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்குப் படித்துக் காட்டு.

அதன் பிறகு கடைக்கு வா. மதியம் ஆள் வராத நேரத்தில் வா. கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து எனக்கும் ஒருமுறை படி. நான் என் பங்குக்கு வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன், பிழை இருந்தால் பிழை என்பேன், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன். நடுவில் நான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து பின்கட்டுப் பக்கம் போனால் நீ அந்த இடத்தை வெட்டாதே. நம் வீட்டில் தண்ணீர் எந்நேரமும் வருகிறது.

அத்தா